காமிராவும் கணக்கேடும்

நம் சங்க அறையின் கிழக்குச் சுவரில் ஒரு புகைப்படம் தொங்குகின்றது. ஆண்டு விழா நாளில் அன்பர்கள் அதன் கீழ் நின்று காபி அருந்துவர். நிமிர்ந்து நோக்குவோர் சிலரே. அப்படத்தில் பத்தொன்பது பேர் மூன்று வரிசையாக உள்ளனர். நாற்காலியில் அமர்ந்தோர் பெயர்கள் அட்டையின் அடியில் எழுதப்பெற்றுள்ளன. நின்றோர் பெயர்களைச் செல் அரித்துவிட்டது. படத்தை எடுத்தவர் யார் என்பதோ ஒருவருக்கும் தெரியாது. இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு செயலாளர் பணித்தபோது யாம் அப்படத்தின் கீழேதான் நின்றிருந்தோம். இந்நாட்டின் மலையையும் ஆற்றையும் கோயிலையும் காமிராவிற் பிடித்த முன்னோடிகள் யாவர், அவ்வேலைக்கு அவர்களை ஈர்த்தது யாது என்பதை எழுதலாமே என்று அப்போது தோன்றியது.

யாம் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, புகைவண்டி இலாகாவில் பேரேடு எழுதும் பணியில் அமர்ந்தோம். வரலாற்றுப் புலவர் அல்லோம். ஆயினும் இது குறித்துக் கிடைத்த நூல்களைப் புரட்டியபோது ஒரு செய்தி எம்மைப் பெரிதும் கவர்ந்தது. அம்முன்னோடிகளிற் சிறந்த மூவரும் பிறிதொரு தொழிலிற் சம்பளம் வாங்கியவர்கள். ஒருவர் படையதிகாரி, ஒருவர் பொதுப்பணித்துறை வரைவாளர், மற்றொருவர் எம்மைப் போன்றே எழுத்தர்!

புகைப்படக்கலை உலகிற்கு அறிவிக்கப்பெற்றது 1839-ஆம் ஆண்டில். பாரிசில் தாகரும் இலண்டனில் டால்பட்டும் தத்தம் முறைகளை வெளியிட்டனர். மிக விரைவில் அது கடல் கடந்து இந்தியாவிற்கும் வந்தது. 1854-இல் பம்பாயிலும், 1856-இல் கல்கத்தாவிலும் சென்னையிலும் புகைப்படச் சங்கங்கள் தோன்றின. ஆனால் எதைப் படமாக்குவது, எங்கே நின்று நோக்குவது என்னும் வினாவிற்கு விடை அதற்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. எழுதியவர்கள் ஓவியர்கள்.

தாமஸ் டேனியல், அவர்தம் அண்ணன் மகன் வில்லியம் டேனியல் ஆகிய இருவரும் 1786-இல் கல்கத்தாவில் வந்திறங்கினர். 1792-இல் சென்னையிலிருந்து புறப்பட்டுத் தென்கோடி வரை சென்றனர். கண்ணாடி வில்லை பொருத்திய பெட்டி ஒன்று அவர்களிடம் இருந்தது. அதன் வழியே தாளின்மேல் விழும் உருவத்தைப் பென்சிலால் தொடர்ந்து வரைவர். பதிப்பிக்கும் மருந்து ஒன்றுதான் குறை. மற்றபடி அதுவும் காமிராவே. 1795 முதல் 1808 வரை இலண்டனில் அவர்கள் வெளியிட்ட 144 வண்ணப் படங்களுள் தஞ்சைப் பெரிய கோயிலும் உண்டு; நெல்லைச் சீமையின் பாபநாச அருவியும் உண்டு. இங்கிலாந்தில் இந்தியாவைக் காணாதார் பலர் இந்தியாவைக் கண்டது அப்படங்களிலேதான். பின்னாளில் காமிராவோடு வந்தவர்கள், தாம் கண்டிராத இடத்தையும் முன்பே கண்டவர்போல் தேடிச் சென்றமைக்குக் காரணம் இதுவே.

நிற்க. படையதிகாரியின் கதையை முதலிற் காண்போம்.

லின்னேயஸ் டிரைப் 1822-இல் பிறந்தவர். கம்பெனியாரின் சென்னைப் படையிற் பணி புரிந்தவர். 1854-இல், அரசினர் ஏவாமலே, மைசூர்ச் சீமையின் பேலூர், ஹளேபீடு கோயில்களைப் படம் பிடித்தார். அடுத்த ஆண்டு சென்னையில் நடைபெற்ற பொருட்காட்சியில் அப்படங்கள் பாராட்டுப் பெற்றன. அதே ஆண்டில் பர்மா மன்னரிடம் சென்ற தூதுக் குழுவிற்கு அவரே படக்காரர் ஆனார். அதன்பின் சென்னை அரசின் புகைப்படக்காரர் என்னும் பதவி அவருக்குக் கிடைத்தது. வடநாட்டிற் சிப்பாய்ப் புரட்சி கனன்றுகொண்டிருந்த 1857-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் தெற்கு நோக்கிப் புறப்பட்டார்.

புகைவண்டிக்காரர் கணக்கொன்றை இவ்விடத்திற் சொல்லாமற் செல்லுதல் இயலாது. இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுச் சீமைக்கு வண்டி ஓடத் தொடங்கியது 1856-இல். மதுரைக்கு இருப்புப்பாதை வந்தது 1875-இல். ஆதலால் டிரைப் சென்றது மாட்டு வண்டித் தடத்தில். திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என ஏறத்தாழ நான்கு திங்கள் அலைந்தார்.

அவர் கையாண்டது மெழுகுத்தாள் முறை. மெழுகூட்டிய மெல்லிய தாளில் வெள்ளி உப்பை ஏற்றி உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். படம் எடுத்த பின்னர் ஆறுதலாகக் கழுவலாம். தென்னாட்டு வெப்பத்திற்கு அது ஏற்றது. ஆனால் தாளிற் படம் பதியச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் நடந்தோர் எவரும் படத்தில் விழார். அவருடைய மதுரையில் ஆளரவமே இன்றி வீதிகள் வெறிச்சோடிக் கிடப்பதன் மாயம் இதுதான். மற்றொரு குறையும் உண்டு. அக்கால மருந்து நீல ஒளிக்கு மிகுதியாக இளகும். ஆகவே வானம் முழுதும் வெள்ளையாக வெளுத்துவிடும். டிரைப் என் செய்தார்? நெகடிவின் மேல் தூரிகை கொண்டு மேகங்களைத் தாமே தீட்டினார்! படைவீரர் உள்ளத்தில் ஓவியர் ஒருவர் ஒளிந்திருந்தார் போலும். உண்மைக்கு மாறு என்று இதனைச் சிலர் பழிக்கலாம். யாம் பழியோம், வானமே இல்லாத மதுரையைக் காட்டிலும் மேகம் தீட்டிய மதுரை உண்மைக்கு அண்மையது.

திருமலை நாயக்கர் மாளிகையை அவர் எடுத்த படங்கள் இன்று விலை மதிப்பற்றவை. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு அம்மாளிகையைப் பழுது பார்க்கச் செய்தார். அதற்கு முன், தூண்கள் சிதைந்து சுவர்கள் சரிந்து நின்ற கோலத்தை டிரைப்பின் படங்களிலே காணலாம்.

தஞ்சையில் அவர் செய்தது அதனினும் அரியது. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி வரிவரியாகக் கல்வெட்டுகள் ஓடுகின்றன அல்லவா? அவற்றை ஒரே படத்தில் அடக்குதல் எவ்வாறு? காமிராவைச் சிறிது சிறிதாக நகர்த்தி நகர்த்தி 21 படங்கள் எடுத்தார். ஒன்றன் விளிம்போடு மற்றொன்றன் விளிம்பைப் பொருத்தி ஒட்டினார். 19 அடிக்கும் மேல் நீண்ட ஒரே படமாக அது விரிந்தது. இஃது 1858-இல் நிகழ்ந்தது. அக்கோயிலை எடுப்பித்தவர் யார் என்பது அன்று அறிஞருக்கும் தெளிவாகத் தெரியாது. 1886-இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக அமர்ந்த ஹுல்ட்ஷ் என்னும் ஜெர்மானியர், அவ்வெழுத்துகளைப் படித்தே முதலாம் இராசராசன் பெயரை நிலைநாட்டினார். 1891 முதல் அவை நூலாக அச்சேறின. அதாவது, இராசராசனின் எழுத்து காமிராவில் விழுந்து 28 ஆண்டுகள் கழிந்த பின்னரே அவன் பெயர் வெளிவந்தது.

அக்கோயிற் கல்வெட்டுகளை அச்சிற் காணும் வாய்ப்பு எமக்கு ஒருமுறை கிடைத்தது. பேரேடு எழுதிப் பழகிய கண்ணுக்கு அவை பேரேடாகவே தோன்றின. நானூறு தளிச்சேரிப் பெண்டுகள். ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு. பங்கொன்றுக்கு ஆண்டிற்கு நூறு கலம் நெல். எவள் எவ்வூர்க் கோயிலிலிருந்து வந்தவள், எத்தெருவில் எத்தனையாம் வீட்டில் இருப்பவள், அவள் பெயர் யாது — அத்தனையும் கல்லிலே உண்டு. ஆடல் ஆசிரியர், பாடுவோர், கொட்டுவோர், கணக்கெழுதுவோர் என எவரையும் அவ்வரசன் விட்டானல்லன். ஆயிரம் ஆண்டிற்கு முற்பட்ட எழுத்தர் ஒருவர் பெயரும் ஊதியமும் கல்லில் நிற்பது கண்டு யாம் சற்றே செருக்குற்றதும் உண்மை.

டிரைப்பின் பதவி நெடுநாள் நீடிக்கவில்லை. 1859-இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவிலியன் அதனை வீண் ஆடம்பரம் எனக் கருதினார், செலவு நிறுத்தப்பட்டது. டிரைப் படைக்கே திரும்பினார். 1902-இல் இங்கிலாந்தில் காலமானார். அவரிடம் உதவியாளராய் இருந்த ஐயாசாமி என்பார் பின்னர்ச் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியிற் புகைப்படக்காரராய் விளங்கினார். ஆங்கில ஏடுகளில் அவர் பெயர் இடம்பெற்றதே ஒரு பேறு என்று கொள்ளல் வேண்டும்.

இனி எழுத்தருக்கு வருவோம். சாமுவேல் போர்ன் 1834-இற் பிறந்தவர். நாட்டிங்காம் நகரத்து வங்கி ஒன்றிற் கணக்கெழுதி வந்தார். ஓய்வு நாட்களில் காமிராவைத் தூக்கிக்கொண்டு ஏரிகளையும் குன்றுகளையும் நாடிச் செல்வார். 1862-இல் இலண்டன் உலகப் பொருட்காட்சியில் அவர் படங்களும் இடம் பெற்றன. அவ்வளவில் வங்கி வேலையை உதறினார்; 1863-இல் கல்கத்தாவில் வந்திறங்கினார்; இமயம் நோக்கி நடந்தார். நிலையான சம்பளத்தை இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதில் உதறுவது எத்தகைய செயல் என்பதை நம் குடியிருப்பில் உள்ளோர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

சிம்லாவை இருப்பிடமாகக் கொண்டு மூன்று மலைப்பயணங்கள் செய்தார். கால்காவிலிருந்து சிம்லாவிற்கு மலை இரயில் வந்தது 1903-இல்தான். 1863-இல் சட்லெஜ் பள்ளத்தாக்கில் பத்து வாரங்கள். எடுத்த படங்கள் 147. 1864-இல் காஷ்மீரம் முதலிய இடங்களில் ஒன்பது திங்கள், படங்கள் 546. 1866-இற் குலு, ஸ்பிதி வழியாகக் கங்கை பிறக்கும் பனிப்பாறை வரை சென்றார். அப்பயணத்தில் ஏறத்தாழ 18,600 அடி உயரமுள்ள மணிராங் கணவாயில் நின்று படம் எடுத்தார். அத்துணை உயரத்தில் அதற்கு முன் எவரும் படம் எடுத்திலர்.

அவர் கையாண்ட முறையின் தொல்லையைச் சொன்னால் இக்காலச் சிறுவர் நம்பார். பன்னிரண்டுக்குப் பத்து அங்குலக் கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசையை ஊற்றிப் பரப்ப வேண்டும். இருட்டுக் கூடாரத்தினுள் வெள்ளி நைட்ரேட் நீரில் அதனை அமிழ்த்தி எடுக்க வேண்டும். ஈரம் காயுமுன் காமிராவிற் பொருத்திப் படம் எடுக்க வேண்டும். ஈரம் காயுமுன்னரே கூடாரத்திற்கு ஓடிவந்து கழுவவும் வேண்டும். காய்ந்தால் தகடு கெட்டது. இத்தனையும் பனிக்காற்றில், விறைத்த விரல்களால்! காற்றிற் கூடாரம் ஆடினால் புழுதி தகட்டில் ஒட்டும். முகில் மூடினால் நாட்கணக்கிற் காத்திருக்க வேண்டும்.

இத்துணை இடர்ப்பட்டும் அவரை ஏறச் செய்தது எது? அவரே தம் பயணக் கட்டுரைகளை இங்கிலாந்துப் புகைப்பட இதழ் ஒன்றில் எழுதியுள்ளார். காமிராவைச் சுமந்து சென்றதனாலேயே இயற்கையை உற்று நோக்கக் கற்றுக்கொண்டதாக அவர் கூறுகின்றார். அதே சமயம் ஊர் நினைவு அவரை விட்டபாடில்லை. முன்னே சலசலக்கும் நீர், நடுவே தோப்பு, பின்னே மென்மையான குன்று என்று ஆங்கில ஓவியர் வகுத்த காட்சியையே அவர் கண்கள் நாடின. இமயம் அதற்குள் அடங்காத பேருருவாய் நின்றது, அவர் குறைபட்டுக்கொண்டார். காஷ்மீரத்து ஏரியும் மரமும் கண்டபின்னர்தான் மனம் குளிர்ந்தார். ஊரைவிட்டு வந்தவர்க்கு இஃது இயல்பே. இங்கே கரக்பூரின் செம்மண் வெளியிற் சவுக்கு மரத்தைக் கண்டு காவிரிக்கரையை நினைப்பவர் நம்முள் எத்தனை பேர்!

ஆனால் ஒன்றை மறைத்தல் ஆகாது. முதற் பயணத்தில் அவருடைய பெட்டிகளையும் கண்ணாடிகளையும் மருந்துப் புட்டிகளையும் சுமந்தவர் 30 பேர். இரண்டாவதில் 42 பேர். ஊரூராய்ப் பிடித்து வரப்பெற்ற மலைவாழ் மக்கள் அவர்கள். பனியில் வெறுங்காலோடு நடக்கப் பொறாது சிலர் சுமையை வைத்துவிட்டு ஓடினர். அவர்களைத் தேடிப் பிடித்துத் தடியால் அடித்ததைப் போர்ன் ஒளிவின்றி எழுதியுள்ளார், நாணியதாகத் தெரியவில்லை. அவர்களுடைய பெயர்கள் எங்கும் இல்லை. படங்களிற் சிற்சில இடங்களில் பாறைமேல் ஒருவர் அமர்ந்திருப்பார். மலையின் உயரத்தைக் காட்டுதற்கு அளவுகோலாக வைக்கப்பெற்றவர் அவர். அப்படங்களின் அழகில் யாம் மயங்கியதுண்டு. இப்போது மலையைப் பார்க்கும்போதெல்லாம் கண் அப்பாறைமேல் இருப்பவரையே தேடுகின்றது.

1869-இல் போர்ன் தென்னாடு வந்தார். உதகமண்டலத்தையும் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களையும் படம் பிடித்தார். அடுத்த ஆண்டின் இறுதியில் இந்தியாவை விட்டே சென்றார். இங்கு விட்டுச் சென்ற படங்கள் இரண்டாயிரத்திற்கு மேல். ஊர் சேர்ந்து பஞ்சு நூல் தொழிலில் இறங்கிப் பொருளீட்டினார், ஓய்வில் நீர்வண்ண ஓவியம் தீட்டினார், 1912-இல் மறைந்தார்.

மூன்றாமவர் நம் நாட்டவர். லாலா தீனதயாள் 1844-இல் மீரட்டை அடுத்த சர்தானாவிற் பிறந்தார். ரூர்க்கிப் பொறியியற் கல்லூரியிற் பயின்று, 1866-இல் இந்தூர்ப் பொதுப்பணித்துறையில் மதிப்பீட்டாளராகவும் வரைவாளராகவும் அமர்ந்தார். 1874-இற் காமிராவைக் கையிலெடுத்தார். கட்டடத்தின் அளவறிந்தவர் ஆதலின் குவாலியர், கஜுராஹோ, சாஞ்சி போன்ற இடங்களில் எங்கே நின்றால் கட்டடம் தன் நிறை உருவைக் காட்டும் என்பதை அவர் கண் அறிந்திருந்தது. பின்னர் வேலையை விடுத்து, ஐதராபாத் ஆறாம் நிஜாமின் அரண்மனைப் படக்காரரானார். செகந்திராபாத்திலும் பம்பாயிலும் நிலையங்கள் நடத்தினார். கோஷா மகளிர் அயல் ஆடவர்முன் வாரார் என்பதனால், 1892-இல் மகளிர்க்கெனத் தனிப் படநிலையம் அமைத்து, அதனை ஓர் ஆங்கில மாதின் பொறுப்பில் விட்டார். 1905-இற் காலமானார். அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம், இடமில்லை.

மலை, பயணம், ஓவியம் என மூன்றும் சொன்னோம். இசைக்கும் காமிராவிற்கும் உறவு உண்டா என்று நம் சங்கத்து இசை அன்பர்கள் கேட்கக்கூடும். உண்டு, அதற்குச் சான்று அமெரிக்காவில் இருக்கின்றது. ஆன்சல் ஆடம்ஸ் 1902-இற் சான்பிரான்சிஸ்கோவிற் பிறந்தவர்; பியானோ வித்துவான் ஆவதற்கென்றே பயின்றவர். 1916-இல், பதினான்கு வயதில், பெற்றோருடன் யோசமிட்டிப் பள்ளத்தாக்கிற்குச் சென்றபோது கையில் ஒரு சிறு பெட்டிக் காமிரா இருந்தது. அதன்பின் பல ஆண்டுகள் பியானோவிற்கும் மலைக்கும் இடையே அவர் மனம் ஊசலாடியது. 1930-ஐ ஒட்டித்தான் காமிராவே தொழில் என்று துணிந்தார். நெகடிவ் என்பது இசைக்குறிப்பு எழுதிய ஏடு போன்றது. அதிலிருந்து தாளிற் படம் போடுதல் கச்சேரி செய்வது போன்றது என்பது அவர் கொள்கை. 1941-இல் நியூ மெக்சிகோவின் சிற்றூர் ஒன்றில் நிலவு எழுந்ததை ஒரே ஒரு முறைதான் எடுத்தார். அந்த ஒரு நெகடிவிலிருந்து பல்லாண்டு காலம் படம் போட்டுக்கொண்டே இருந்தார். ஆண்டு ஏற ஏற வானத்தை மேலும் மேலும் கருமையாக்கினார். கீர்த்தனை ஒன்றே, இளமையிற் பாடிய வித்துவானே முதுமையிற் பாடும்போது அது வேறாகக் கேட்பதில்லையா? சென்ற ஆண்டு விழாவிற் கேட்ட தோடியைப் பற்றி இன்றளவும் வாதாடும் அன்பர்கள் இதனை ஒப்புவர்.

இறுதியாக ஒரு செய்தி. கல்கத்தாவில், தர்மதலாவின் முனையில், போர்னும் அவர் கூட்டாளி ஷெப்பர்டும் பெயர் கொடுத்த நிலையம் நெடுங்காலம் நடந்து வந்தது. போர்ன் சென்ற பின்னும் பலர் கைமாறி அப்பெயரிலேயே நிலைத்தது. 1991-இல் அங்குத் தீப்பற்றியது. பழைய நெகடிவுகளும் படங்களும் பெரும்பகுதி அழிந்தன. 2016-இல் நிலையமே மூடப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு அலுவலக வேலையாகக் கார்டன் ரீச்சு சென்று திரும்பும் வழியில் யாம் அங்கே இறங்கி, சாத்திய கதவின்முன் சிறிது நேரம் நின்றோம். ஆற்று மீன் விற்பவர் ஒருவர் என்ன வேண்டும் என்று வினவினார். விடை சொல்லத் தெரியாமல் அரைக்கிலோ மீன் வாங்கி வந்தோம். வீட்டில் மீன் சமைப்பதில்லை என்பது வேறு கதை. அண்டை வீட்டு வங்காளியர் மகிழ்ந்தனர்.

சங்கப் படத்திற்கு மீள்வோம். பின்வரிசையில் இடமிருந்து நான்காமவர் தோளில் ஒரு சிறுவன் அமர்ந்திருக்கிறான். அவன் இன்று முதியவராய் எங்கேனும் இருத்தல் கூடும். ஓய்வு பெற்றுச் சென்ற மூத்த அன்பர் ஒருவருக்குப் படத்தின் நகலை அனுப்பினோம். நின்றோருள் இருவர் பெயரை அவர் எழுதி விடுத்துள்ளார். ஒருவர் லோகோ ஷெட்டில் பிட்டர், மற்றவர் பார்சல் அலுவலகச் சுமைதூக்குநர். எஞ்சியோர் ஒன்பதின்மர், அச்சிறுவனையும் சேர்த்து. அன்பர்கள் தத்தம் வீட்டுப் பெட்டிகளில் உள்ள பழம் படங்களை ஒருமுறை எடுத்துப் பார்த்து, இம்முகங்களுள் எவையேனும் தென்படின், விழா நாளன்று வாயில் மேசையில் வைத்துள்ள நோட்டில் பெயரைக் குறிக்க வேண்டுகிறோம். பென்சிலால் எழுதற்க, மையால் எழுதுக.